சுமந்தவரின் முகம்

அண்ணன் தம்பிச் சண்டை எந்த வீட்டில் இல்லை? ரெண்டு பாத்திரம் நெளியும், நாலு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். வானத்துச் சாமியும் கடல் சாமியும் மழை யாருக்குச் சொந்தம் என்று மல்லுக்கு நின்றதில் பாதி ஊர் செத்தது. "என் வானத்துலேருந்துதானே விழுது" என்றார் மூத்தவர். "தண்ணி என்னுது" என்றார் இளையவர். இந்த வெட்டி வம்புக்கு என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அவர் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். கூட்டாளிகள் வைத்த பெயர் கிரேன். வானத்துச் சாமிக்குக் கால் மண்ணில் பட்டால் பலம் போய்விடும், யாராவது தோளில் சுமக்க வேண்டும். சுமக்கிறவர் திரும்பிச் சாமியைப் பார்க்கக் கூடாது, வாய் திறக்கவும் கூடாது. வருடக்கணக்கில் அப்படியே சுமந்தார். கடைசியில் கடல் சாமியின் ஈட்டி இவர் நெஞ்சில் பாய்ந்தது. மறுநாளே அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுது சமாதானமாகிவிட்டார்களாம். நாசமாய்ப் போக!

சண்டையில் செத்த தெய்வங்கள் எல்லாம் எழுந்துவிட்டன என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் என் வீட்டுக்காரர் மட்டும் என்ன பாவம் செய்தார்? இஸ்திரிப் பெட்டியின் கரியை அணைத்துவிட்டு நேராகச் சாமிகள் முன்னால் போய் நின்றேன். இருவரும் ஒரே தட்டில் பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

"சாமி, உங்களச் சுமந்தவரோட பொண்டாட்டி நான். அவரத் திருப்பிக் குடுங்க."

"அவனா? தங்கமான ஆளும்மா" என்று மூத்தவர் கையை அசைத்தார்.

எனக்கு முதுகைக் காட்டியபடி என் வீட்டுக்காரர் நின்றார். அதே பிடரி, காதுக்குப் பின்னால் அதே மச்சம், மூட்டை சுமந்து காய்த்துப்போன அதே தோள். எனக்குப் போன உயிர் வந்தது.

"என்னங்க!"

திரும்பினார். நெற்றிக்குக் கீழே வெறும் தோல். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை.

"ஐயோ! முகம் எங்க சாமி?"

மூத்தவர் திருதிருவென்று விழித்தார். "நான் பாத்ததத்தாம்மா திரும்பச் செய்ய முடியும். பின்பக்கந்தான் பாத்தேன்."

"இத்தன வருஷத்துல ஒரு தடவ எட்டிப் பாக்கலையா? எறங்கி நின்னு, 'தண்ணி குடிச்சியாடா'ன்னு ஒரு வார்த்த கேக்கலையா? நீங்கள்லாம் ஒரு சாமியா?"

இளையவர்தான் மெல்ல வாய் திறந்தார். "நான் முகத்தப் பாத்தேம்மா. ஆனா ஈட்டி பாஞ்ச நேரத்துலதான். அந்த முகத்தத்தான் தர முடியும். எப்பவும் அப்படியேதான் இருக்கும்."

எனக்கு ஆசை வராமல் இல்லை. எப்படியாவது அவர் முகம் வேண்டும் என்றுதான் இருந்தது. காலையில் எழுந்து டீ குடிக்கும்போதும் அந்த வலியோடு இருப்பாரா? டீ குடிப்பாரா முதலில்?

"வேணாம். அவர வந்த எடத்துக்கே அனுப்பிடுங்க."

அவர் போகுமுன் பின்னால் நின்று முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இரண்டு கையையும் தோள் வழியே முன்னால் போட்டேன். சட்டென்று என் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டார். சாமியின் கணுக்கால்களை வருடக்கணக்கில் அப்படித்தான் பிடித்திருப்பார்.

"விடுங்க" என்றேன். காது இருந்தும் அவர் விடவில்லை. நான் விழுந்துவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

இரண்டு சாமிகளும் சேர்ந்துதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார்கள்.