இரண்டாம் நம்பர் பிரஸ்

கப்பலூர் தொழிற்பேட்டையில் கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியின் முதல் சட்ட அதிகாரி இந்துப்ரியா. சட்டக் கல்லூரித் தோழிகள் சீனியர் வக்கீல்களிடம் ஜூனியராகச் சேர்ந்தபோது அவள் இந்த வேலையை எடுத்துக்கொண்டாள். ஒப்பந்தங்களைப் படிப்பதும் நோட்டீசுக்குப் பதில் எழுதுவதுமாக ஒரு வருஷம் அமைதியாகப் போயிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை இரண்டாம் நம்பர் பிரஸ் மெஷினில் தகடு அழுத்திக்கொண்டிருந்த தொழிலாளி சோலையின் வலது கை சிக்கியது. இரண்டு விரல்கள் போய்விட்டன. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கொஞ்ச நேரத்தில் தொழிற்சாலை ஆய்வாளர் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது.

முதலாளி துளசிராம் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். புரொடக்‌ஷன் மேனேஜர் ராம்கி ஏற்கெனவே அங்கே இருந்தார்.

"கை உள்ள போனா மெஷின நிறுத்துற சென்சார சோலையே கழட்டிட்டான்னு ஆய்வாளர்கிட்ட சொல்லிருங்க மேடம்" என்றார் ராம்கி.

"அவரா கழட்டுனாரு?"

ராம்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சென்சாரால மெஷின் சும்மா சும்மா நின்னுக்கிட்டே இருந்துச்சு. ஆர்டர் முடியணும்ல? நான்தான் ஆஃப் பண்ணச் சொன்னேன்."

"நீ சொன்னா நம்புவாங்கம்மா" என்றார் துளசிராம்.

கீழே 'தடக், தடக்' என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சார், இப்ப ஓடுறது எந்த பிரஸ்?"

அவள் படியிறங்கி ஓடினாள்.

தரையைக் கழுவிய ஈரம் காயவில்லை. அதே மெஷினில் இன்னொரு தொழிலாளி முத்துமீனா தகட்டை உள்ளே வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். இந்துப்ரியா சிவப்புப் பட்டனை அழுத்தினாள். மெஷின் நின்றது.

பின்னாலேயே வந்த ராம்கி கத்தினார். "யாரக் கேட்டு நிறுத்துனீங்க? லாரி வாசல்ல நிக்குது! தள்ளுங்க."

இந்துப்ரியா ஸ்விட்சை மறைத்துக்கொண்டு நின்றாள். "முத்துமீனா, எந்திரிச்சு வாங்க."

முத்துமீனா ராம்கியைப் பார்த்தாள். "எந்திரிச்சா வேலை போயிருமா மேடம்?"

"தெரியலக்கா. ஆனா இதுல உக்காராதீங்க."

துளசிராமும் வந்துவிட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "நீ எனக்கு வக்கீலா, இவங்களுக்கா?"

"கம்பெனிக்கு வக்கீல் சார். நான் பொய் சொல்லி, சோலை ஆஸ்பத்திரியில வாயத் திறந்துட்டா என்ன ஆகும்? விபத்துக்கு ஒரு கேசு, பொய்க்கு இன்னொரு கேசு. விபத்துக்கு நான் உங்ககூட நிப்பேன். பொய்க்கு நிக்க மாட்டேன்."

"அப்ப வேற ஆளப் பாத்துக்கிறேன்."

"பாத்துக்கங்க சார். அதுவரைக்கும் இது ஓடக் கூடாது."

வாசலில் ஆய்வாளரின் ஜீப் வந்து நின்றது. "அண்ணே, நான் பேசிக்கிறேண்ணே" என்று ராம்கி துளசிராமிடம் முணுமுணுத்தார். துளசிராம் முத்துமீனாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. கையில் தகடு இருந்தது.

ஆய்வாளர் மெஷினைச் சுற்றிவந்தார். "சென்சார யார் ஆஃப் பண்ணது?"

இந்துப்ரியா ஓரடி முன்னால் வந்தாள். அவள் பேசுவதற்குள் துளசிராம் முந்திக்கொண்டார்.

"நாங்கதான். சோலை இல்ல."

அன்றே பிரஸ்ஸுக்கு சீல் வைத்தார்கள். கம்பெனி மேல் வழக்கு வரும் என்று உறுதியானது, ஆர்டர் கைவிட்டுப் போனது. தன்னையும் அனுப்பிவிடுவார்கள் என்றே இந்துப்ரியா நினைத்தாள். ஆனால் சாயங்காலம் துளசிராம் கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "சோலையப் பாக்கப் போறேன். நீயும் வா" என்றார்.

வார்டுக்கு வெளியே சோலையின் மனைவி அன்னக்கொடி இருந்தாள். முதலாளியைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். கம்பெனி சட்டப்படி என்னென்ன செய்தாக வேண்டும் என்பதை இந்துப்ரியா அவளுக்குப் புரியும்படி சொன்னாள். பிறகு துளசிராம் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள்:

"நீங்க தனியா ஒரு வக்கீல வச்சுக்கங்கக்கா. நான் கம்பெனி ஆளு. நான் சொல்றது சரிதானான்னு அவர்கிட்டயும் கேட்டுக்கங்க."

துளசிராம் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். "கேட்டுக்கம்மா" என்றார் அன்னக்கொடியிடம், மெதுவாக.