துண்டு துண்டாக மீண்ட குரல்

திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. 'அப்டேட் நடக்கிறது, கணினியை அணைக்க வேண்டாம்' என்று அதன் கீழே எழுதியிருந்தது. முக்கால்வாசி வந்து நின்ற சதவீதம், வெகுநேரமாக நகரவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்த அவர், அன்று காலை ஓர் அறிக்கையை அனுப்பியாக வேண்டும். வட்டத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, "என்னங்க, அணைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே" என்றாள்.

"அப்படித்தான் போடுவாங்க. இது முடியற வரைக்கும் ஆபீஸ் காத்துக்கிட்டிருக்குமா?"

கணினி மறுபடி எழுந்துகொண்டது. ஆனால் அவள் தன் கோப்புகளை வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் மட்டும் திறக்கவில்லை. 'இதை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அப்படிச் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அதைப் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். பக்கத்தில் இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

பார்வையற்ற மாணவர்கள் படிக்கும் பள்ளி ஒன்றுக்காக, பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் முழுவதையும் அவள் வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்துகொண்டிருந்தாள். வீட்டு வேலை முடிந்த மதிய நேரத்தில், அவர் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளிலும்கூட, படுக்கையறைக் கதவைச் சாத்தி, எதிரொலி வராமல் இருக்கத் துணி அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு படிப்பாள். படங்கள் வரும் இடத்தில் அவற்றைச் சொற்களில் சொல்ல வேண்டும். அது புத்தகத்தில் இருக்காது, அவளேதான் யோசித்துச் சொல்ல வேண்டும். பிறகு இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டிச் சீராக்கிச் சேமிப்பாள். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வேறு பிரதி இல்லை. வெளியே வைத்துக்கொள்ள ஒரு டிரைவ் வேண்டும் என்று அவள் கேட்டபோதெல்லாம், "பாக்கலாம்" என்றே அவர் சொல்லியிருந்தார்.

அன்று மாலையே கணினியைப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனார்கள். மேசை முழுக்கக் கழற்றிய பாகங்கள். நடுவில் இருந்த மெக்கானிக் நிமிர்ந்து அவரை மட்டும் பார்த்தான்.

"உள்ள இருக்கற டேட்டா வேணுமா சார், இல்ல ஃபார்மட் பண்ணிக் கொடுத்துடட்டுமா?"

"பெருசா ஒண்ணும் இல்லப்பா. இவ பொழுதுபோகாம ஏதோ ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கா. ஃபார்மட் பண்ணிடு."

"வேணும்" என்றாள் அவள்.

மெக்கானிக் அவளைப் பார்த்துவிட்டு மறுபடி அவரைப் பார்த்தான். அவர் தோளைக் குலுக்கினார். "சரி, கிடைச்சா எடுத்துக் கொடு."

"அப்டேட் நடக்கும்போது ஆஃப் ஏதாவது பண்ணீங்களா?"

"இல்லையே" என்றார் அவர். யோசிக்காமல் வந்த பொய் அது. மனைவிக்கு முன்னால், முன்பின் தெரியாத ஒருவனிடம் தப்பை ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ இரும்மா, தம்பிக்குத் தெரியாதா" என்று அவர் அடக்கினார். அவளுக்கும் பேசத் தெம்பில்லை. கடையில் வைத்து வாக்குவாதம் வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் மெக்கானிக் அவருடைய அலுவலகத்துக்கே போன் செய்தான்.

"சார், உண்மையைச் சொல்லுங்க. பாதியில ஆஃப் பண்ணீங்கதானே?"

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சவரம் பண்ணிக்கிட்டிருக்கும்போது நாற்காலியை இழுத்துவிட்ட மாதிரி சார் இது. நேத்தே சொல்லியிருந்தா எதையும் தொடாம முதல்ல டிஸ்க்கை அப்படியே காப்பி எடுத்திருப்பேன். நீங்க இல்லன்னதால ரிப்பேர் பண்ற புரோகிராமை ஓட்டிட்டேன். அது உடைஞ்சதையெல்லாம் துண்டு துண்டா, பேரே இல்லாம ஒரு மூலையில கொட்டி வெச்சிருக்கு. என் மேலயும் தப்பு இருக்கு, எப்படியும் காப்பி எடுத்திருக்கணும்."

"எதுவுமே வராதா?"

"கடைசியா சேமிச்சதெல்லாம் போயிடுச்சு. பழைய துண்டுங்க வந்திருக்கு. எது எந்தப் பாடம், எது முழுசா இருக்குன்னு மெஷின் சொல்லாது. யாராவது உக்காந்து காது கொடுத்துக் கேட்டாத்தான் உண்டு."

கடைசியாகச் சேமித்தவை, அவள் வெட்டிச் சீராக்கியவை. மிஞ்சியவை சீராக்காத பதிவுகள்.

செய்தி கேட்டதும் அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் முதல் பாடத்துலேர்ந்து திரும்பப் படிக்க ஆரம்பிக்கறேன். நீங்க அந்தத் துண்டுங்களைக் கேட்டு எது தேறும்னு பாருங்க. தேறினா அவ்வளவு தூரம் என் தொண்டை பிழைக்கும்."

விடுமுறை நாளில் அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சில துண்டுகளில் வெறும் இரைச்சல். சிலவற்றில் பாதி வாக்கியம். பிறகு ஒரு முழு நீளப் பதிவு கிடைத்தது.

"இங்கே ஒரு படம் இருக்கிறது. உங்கள் கையை இறுக்கி மூடிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அந்த அளவுதான் இதயம்." அவரையறியாமல் அவர் கை மூடிக்கொண்டது. "அதன் இடது பக்கத்தில்..." என்று குரல் தொடர்ந்தபோது, தூரத்திலிருந்து இன்னொரு குரல் குறுக்கே வந்தது. "ஏய், என் சார்ஜர் எங்க?" அது அவருடைய குரல். நாற்காலி நகரும் சத்தம், கதவு, காலடி. திரும்பி வந்து, மூச்சு வாங்கி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, "இங்கே ஒரு படம் இருக்கிறது" என்று அதே நிதானத்தில் அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

அடுத்த துண்டிலும் அவர் இருந்தார். டீ கேட்டார். அதற்கடுத்ததில் டிவி சத்தத்தைக் கூட்டினார். இன்னொன்றில், கூடத்தில் யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டே, "அவளுக்கென்ன, வீட்ல சும்மாதானே இருக்கா" என்றார். அந்த இடத்தில் பாடம் நின்றுபோயிருந்தது. இரைச்சலாக இருக்குமோ என்று அவர் ஒலியைக் கூட்டிப் பார்த்தார். பதிவில் பழுது ஒன்றும் இல்லை. அவள்தான் பேசாமல் இருந்தாள். நெடுநேரம் கழித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, ரத்தம் எந்த வழியாக நுரையீரலுக்குப் போகிறது என்று சொல்லத் தொடங்கினாள்.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். படுக்கையறையில் அவள் புத்தகமும் வெந்நீருமாக உட்கார்ந்திருந்தாள். குரல் கம்மிப் போயிருந்தது.

"நான் போன்ல பேசினது... அன்னிக்கே உனக்குக் கேட்டுச்சா?"

"மைக்குக்கே கேட்டிருக்கு. எனக்குக் கேக்காதா?"

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"எழுந்து வந்து சண்டை போட்டா, அந்தப் பாடத்தை மறுபடி முதல்லேர்ந்து படிக்கணும்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அசதிதான் இருந்தது.

அப்போது அவர் போன் அடித்தது. மெக்கானிக். "எவ்வளவு தேறுச்சு சார்?"

"பாதிக்கு மேல இருக்கும். மீதியை அவங்க புதுசா படிக்கணும். தம்பி, அன்னிக்கு டேட்டா வேணுமான்னு நீங்க என்கிட்ட கேட்டிருக்கக் கூடாது, நானும் பதில் சொல்லியிருக்கக் கூடாது. அது அவங்க வேலை. சம்பளம் வராததால அதை வேலைன்னே நான் நெனைக்கல. வீட்டுல ஒருத்தர் செய்யற வேலையை நாம மதிக்கலைன்னா, அதை நம்ம கையாலேயே அழிச்சாக்கூட நமக்கு உறைக்காது. எனக்கு உறைக்கல. இந்தாங்க, அவங்ககிட்டயே பேசுங்க."

போனை அவளிடம் நீட்டிவிட்டு, கூடத்துக்குப் போய், யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தார்.