மந்திரவாதிக்குப் பதினோரு பக்கம், வீரனுக்கு ஒரு வரி

1

இந்தக் கதை ஒரு கோட்டுப் பொத்தானிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கறுப்புப் பொத்தான், நாலு ஓட்டை, ஓரத்தில் ஒரு கீறல். அதுதான் போர்வீரன். துணி வெட்டும் மேசையில், தையல் சாக்கட்டியால் வரைந்த ஒரு கோட்டையின் வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அது அசையாமல் நின்றது. பக்கத்தில் பளபளவென்று ஒரு சின்னச் சட்டைப் பொத்தான். அது மந்திரவாதி. அன்றைக்கு அது பறந்தது, மறைந்தது, பூட்டிய கதவுக்குள் புகுந்து வந்தது.

வீரனைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. எழுத உட்கார்ந்தேன்.

"நான் மூட்டை தூக்குகிறவன். இருபத்தெட்டு வருஷமாக இந்தக் கிடங்கில் —"

விட்டுவிட்டேன். "நான்" என்று எழுதினால் எனக்கு முதுகு வலிக்கிறது. "அவர்" என்று எழுதினால் வலி அவருக்குப் போகிறது. ஆகவே, அவர்.

2

அவர் மூட்டை தூக்குகிறவர். நாற்பத்திரண்டு வயதில் மாலை வகுப்பில் எழுத்துப் படித்தவர். (இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் மேடையேற்றி மாலை போடுகிற மாதிரி இருக்கிறது. அப்படி ஒன்றுமில்லை. ஷிப்ட் முடிந்து போனார், தூங்கி வழிந்தார், எப்படியோ வந்துவிட்டது.)

ஞாயிறுதோறும் அவர் வீட்டில் ஆடுகிற இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒருவர் உலகத்தை நடத்துவார்: இதோ காடு, இதோ குகை, இதோ பூதம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகமுள்ள பகடையை உருட்ட வேண்டும்.

இங்கே உலகத்தை நடத்துவது எடைமேடை அக்கா. கிடங்கு வாசலில் லாரிகளை நிறுத்தி எடை போடுகிறவர். ஆறு நாள் லாரிக்கு எண் எழுதுவார், ஏழாம் நாள் பூதத்துக்கு எண் எழுதுவார். மந்திரவாதியாக ஆடுவது மூட்டைக்காரரின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். எலக்ட்ரீஷியன். ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிந்தே ஆக வேண்டும் என்கிற சாதி மனுஷன். மேசை, மனைவியுடையது. தையல்காரர். விளையாட மாட்டார். பக்கத்திலேயே மெஷினில் உட்கார்ந்து பேண்ட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பார்.

மூட்டைக்காரர் வீரனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வீரம் இல்லை. மந்திரவாதிக்குப் பதினோரு பக்கம் மந்திரங்கள், அத்தனையும் படிக்க வேண்டும். வீரனின் தாளில் ஒரே வரி: "வெட்டுவான்." அப்போது அவருக்கு எழுத்து தெரியாது. அந்த ஒரு வரியையும் அக்காதான் படித்துச் சொன்னார்.

3

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. அந்தப் பதினோரு பக்கத்தில் மந்திரவாதிக்குப் பலித்தது ஒரே ஒரு மந்திரம், அதுவும் பாதி நேரம் புகைதான் வரும். பூதம் வந்தால் மச்சான் கோட்டுப் பொத்தானுக்குப் பின்னால் ஓடி ஒளிவார். "மாப்ள, பாத்துக்க மாப்ள!"

இப்போது ஒன்பதாவது லெவல். ஒவ்வொரு லெவலுக்கும் மந்திரவாதிக்குப் பலிக்கிற மந்திரம் கூடியது. வீரனுக்கு என்ன கூடியது? இன்னும் கொஞ்சம் பலமாக வெட்டினான். ஆற்றைக் கடக்க வேண்டுமா, மந்திரம். ராஜாவிடம் பேச வேண்டுமா, மந்திரம். போன வாரம் மதியம் முழுக்க அவர் இரண்டே தடவை பகடை உருட்டினார். அதில் ஒன்று, வீரன் தூங்கி எழுந்தானா என்று பார்ப்பதற்கு.

இந்த ஞாயிறு, அக்கா கொடுத்திருந்த பகடையை ஒரு தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை என்று சொல்வதாக உத்தேசம்.

அதில் என்ன இருக்கிறது, விளையாட்டுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பதில் இதுதான்: ஆறு நாளும் அவரிடம் எல்லாரும், இதைத் தூக்கு, அங்கே போடு என்பார்கள். வாரத்தில் ஒரு மதியம் மட்டும் ஒரு மனுஷி அவர் முகத்தைப் பார்த்து, "நீங்க என்ன செய்யறீங்க தம்பி?" என்று கேட்பார். போன இரண்டு வாரமாக அந்தக் கேள்வியும் அவர் பக்கம் வரவில்லை.

4

அவர் பையில் கை விடுவதற்குள் மச்சானே ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, மாப்ளைக்கு ஒரு மந்திர வாள் குடுங்களேன். பாவம், உம்முன்னு உக்காந்திருக்காரு."

"வாள் வந்தா என்ன செய்வேன் மச்சான்?"

"இன்னும் ஜோரா வெட்டலாமே."

"பெரிய மூட்டையா குடுத்துட்டா கூலிக்காரன் முதலாளி ஆயிடுவானா?"

மெஷின் ஒரு நிமிஷம் நின்று, சிரித்துவிட்டு, மறுபடி ஓடியது.

அக்கா கணக்கான ஆள். "அப்ப மந்திரத்துல பாதியை வெட்டிடறேன். அஞ்சரைப் பக்கம்."

"அய்யோ, என் பறக்கிற மந்திரம்!"

"வேணாங்கக்கா," என்றார் அவர். "மச்சானைக் குட்டையாக்கினா நான் வளந்துட மாட்டேன்."

"அப்ப நீயும் மந்திரவாதியா மாறிடு மாப்ள. இப்பதான் படிக்கத் தெரியுமே!"

(இந்த இடத்தில் அவருக்கு ஒரு நீண்ட பதில் எழுதி வைத்திருந்தேன். படிக்கத் தெரிந்துவிட்டது என்பதற்காக மூட்டை தூக்கியதெல்லாம் பொய்யாகிவிடுமா என்கிற மாதிரி. அவர் வாயில் அது நிற்கவில்லை. அவர் சாக்கட்டித் தூளை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.)

5

இந்தக் கதையின் இரண்டாவது வரைவில் இப்படி இருந்தது: "பூதம் பாய்ந்தது. மந்திரங்கள் தீர்ந்துவிட்டன. அவர் பகடையை உருட்டினார். இருபது!"

அடித்துவிட்டேன். அந்த இருபது பகடையில் விழவில்லை, என் பேனாவில் விழுந்தது. எழுத வந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது: எழுதுகிறவனும் மந்திரவாதி கட்சிதான். "கதவு திறந்தது" என்றால் திறந்துவிடுகிறது. "மூட்டையைத் தூக்கினார்" என்று இரண்டே வார்த்தை. எந்த மூட்டையும் என் வாழ்க்கையில் அத்தனை லேசாக எழுந்ததில்லை.

ஆகவே இனிமேல் அவருக்கு நான் உதவப் போவதில்லை.

6

ஆட்டம் தொடங்கியது. பகடை இன்னும் பையில்தான்.

குகைப் பாதை இடிந்து அடைத்திருந்தது. கற்களுக்குப் பதிலாக அக்கா மேசையில் ஏழெட்டு நூல் உருளைகளைக் குவித்து வைத்தார். மச்சான் பளபளப் பொத்தானை நேரே குவியலின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"நடுக்கல்லை மந்திரத்தால உருவறேன். வழி கிடைச்சிடும்."

"வேணாம் மச்சான்," என்றார் அவர், தலையைக்கூட நிமிர்த்தாமல். "அதைத் தொடாதே."

"ஏன்?"

"மேல இருக்கிற மூணும் அதுலதான் சாஞ்சிருக்கு."

இருபத்தெட்டு வருஷமாக மூட்டை அடுக்குகிறவருக்கு அது பார்த்ததும் தெரிகிற விஷயம். எந்த மூட்டை சும்மா படுத்திருக்கிறது, எந்த மூட்டை சுமக்கிறது என்று பார்க்காமல் அடுக்கில் கை வைத்தவர்கள் இப்போது வேலையில் இல்லை.

அக்கா தன் குறிப்பைப் பார்த்தார். "கற்கள் அடைத்திருக்கின்றன" என்று மட்டும்தான் எழுதியிருந்தார். எது எதன் மேல் என்று எழுதவில்லை. "சரி தம்பி, பகடையை உருட்டுங்க. உங்க ஆளுக்கு அது தெரியுமான்னு பாக்கலாம்."

மெஷின் நின்றது.

"ஏங்கக்கா," என்றார் மனைவி, வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு. "அவருக்குத் தெரியுமான்னு பகடையைக் கேக்கணுமா? எங்கண்ணன் 'கதவு திறக்குது'ங்கறான், திறந்துடுது. இவர் 'என் ஆளு தள்ளிப் பாக்கலாமா'ன்னு கேக்கறாரு, உருட்டச் சொல்றீங்க. ஒம்பது லெவலா கேட்டுக்கிட்டிருக்கேன். ஒருத்தன் சொல்றான், ஒருத்தர் கேக்கறாரு. அவ்வளவுதான் வித்தியாசம்."

"நீ ஓரம் அடிம்மா," என்றார் மச்சான். "மந்திரம் போட்டாச்சு. போட்டா போட்டதுதான்." விரலால் நடு உருளையை உருவினார்.

மேலிருந்த மூன்றும் சரிந்தன. பளபளப் பொத்தான் காணாமல் போனது. ஒரு சிவப்பு உருளை மேசையிலிருந்து விழுந்து, நூல் அவிழ்ந்துகொண்டே கதவு வரை ஓடியது.

"இது... இது மேசை ஆடினதால," என்றார் மச்சான்.

யாரும் கேட்கவில்லை. அக்கா மூட்டைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். "லாரி மேடையில ஏறுறதுக்கு முன்னாடியே எடை சொல்லுவீங்களே தம்பி. நான் எடை மெஷினைப் பாத்துட்டு உங்களைப் பாப்பேன். சரியா இருக்கும். இங்க வந்து உங்களைப் பகடை உருட்டச் சொல்லிட்டேனே." பென்சிலை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, அதை அவர் பக்கம் தள்ளினார். "புது விதி. கனம், சுமை, தாங்கும், தாங்காது. இதுல வீரன் சொன்னா சொன்னதுதான். பகடை கிடையாது. உங்க தாள்ல நீங்களே எழுதுங்க."

"அப்ப எனக்கு?" என்றது குவியலுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"உனக்குத்தான் பதினோரு பக்கம் இருக்கே!"

அவர் எழுதினார். "வெட்டுவான்" என்பதற்குக் கீழே, பென்சிலை அழுத்திப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக.

"மாப்ள, இங்க எனக்கு மூச்சு முட்டுது."

"மெதுவாவே எழுதுங்க," என்றார் மனைவி. "உள்ள இருக்கிறவன் எங்கேயும் போயிட மாட்டான்."

7

இப்போது முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதல் முடிவில் அவர் எல்லாக் கற்களையும் ஒரே மூச்சில் தூக்கி எறிகிறார். (பொய். இடுப்பு போய்விடும்.)

இரண்டாவதில் மந்திரவாதியை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார். (என் மனைவிக்கு இதுதான் பிடித்தது.)

மூன்றாவதில் கற்களை ஒவ்வொன்றாக, சரியான வரிசையில் எடுக்கிறார். கடைசிக் கல்லுக்கு அடியில் மச்சான் —

நிறுத்திக்கொள்கிறேன். அழகாகத்தான் வருகிறது. ஆனால் நான் எழுதினால் அது மறுபடி என் மந்திரமாகிவிடும். கனத்தைப் பற்றி அவர் சொன்னால்தான் நடக்கும் என்று இப்போதுதான் விதி எழுதி முடித்தோம். பென்சில் தூள்கூட இன்னும் தாளில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அவர் சட்டைப்பையிலிருந்து தாளில் மடித்த பகடையை எடுத்தார். பிரித்தார். உருட்டாமல் மேசை ஓரமாக, சாக்கட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார், அடுத்த வாரம் வேறு எதற்காவது தேவைப்படும் என்பது மாதிரி. பிறகு கோட்டுப் பொத்தானை எடுத்து, குவியலைச் சுற்றி மெதுவாக நகர்த்திக்கொண்டுபோய், எங்கேயும் தொடாமல், நாலு பக்கமும் பார்த்தார்.

அக்கா கேட்டார்: "நீங்க என்ன செய்யறீங்க தம்பி?"

இத்தனை வாரமும் இந்தக் கேள்விக்கு அவர், "என் ஆளு இதைச் செய்யலாமா?" என்றுதான் ஆரம்பிப்பார். இன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான்," என்றார்.

(எழுதும்போது முதுகு வலிக்கவில்லை.)

அதற்கு மேல் நீங்கள். குவியல் உங்கள் முன்னால்தான் இருக்கிறது, பளபளப் பொத்தான் அடியில் இருக்கிறது. எதில் கை வைக்கலாம், எதில் கூடாது என்று நின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது நடக்கும்.

பகடை மட்டும் கேட்காதீர்கள்.