வீட்டில் இருந்த வாக்கு

மாலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. எட்டு மணிக்கு வாக்களிப்பு முடிந்துவிடும்.

எமிலியானுஸ் நண்டுக் கோதுகளைச் சுற்றி எறியக் கடதாசி தேடினார். கையில் வந்தது வாக்கெடுப்பு அறிவித்தல். பிரெஞ்சில் இருந்தது. வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவர்கள் ஊரான பியர்பொன்ட்ஸை மொன்றியல் மாநகரத்தோடு சேர்த்திருந்தார்கள். பிரிவதா இல்லையா என்று இந்த யூன் ஞாயிறு ஊர் சொல்லவேண்டும். அவர் பிரியவேண்டாம் பக்கம். பிரிந்தால் வீட்டுவரி இரண்டு இடத்துக்குப் போகும் என்பது அவர் வாதம். ஒட்டுச்சுவருக்கு அப்பால் குடியிருந்த கௌரி பிரியும் பக்கம். சேர்ந்த பிறகு வரி கூடியது, கேள்வி கேட்க ஆளில்லை என்றாள். வாக்கெடுப்பைக் கேட்டுப் பதிவேட்டில் கையெழுத்திடும்படி மே மாதம் கதவு கதவாகத் தட்டினாள். வேலிக்கு மேலால் வாதாடி வாதாடி, கடைசியில் இருவருக்கும் கதை பேச்சே நின்றுபோனது.

பேந்து, சில நாள் கழித்து, அவர்தான் ஓர் ஒப்பந்தம் சொன்னார். இரண்டு வாக்கும் ஒன்றுக்கு ஒன்று சரி. இரண்டு பேருமே போகாமல் விடுவோம். அவள் சம்மதித்தாள். அன்றைக்கே அவளது சாடிக் கறிவேப்பிலையில் ஒரு கொப்பு வேலிக்கு மேலால் வந்தது.

அறிவித்தல் சொன்னது வேறு. பிரிவதற்குப் பெரும்பான்மை மட்டும் போதாது. வாக்காளர் பட்டியலில் உள்ள நூறு பேரில் முப்பத்தைந்து பேராவது பிரிவோம் என்று போட்டிருக்கவேண்டும். இருவரும் வீட்டில் இருந்தால் அவர் பக்கத்துக்கு நட்டமில்லை. அவள் பக்கத்துக்குத்தான் அந்த முப்பத்தைந்தில் ஒரு வாக்குக் குறையும்.

கையைக் கழுவிக்கொண்டு போய் அவளது கதவைத் தட்டினார். விசயத்தைச் சொன்னார்.

கௌரி கடதாசியை வாங்கிப் பார்த்தாள்.

"சொல்லாமல் விட்டிருக்கலாமே, அண்ணை."

"ஓம், விட்டிருக்கலாம். கார் திறப்பு கையில இருக்கு, நானே கொண்டுபோய் விடுறன். வெளிக்கிடும்."

வழியில், வரி கூடினால் தன்னைத் திட்டக்கூடாது என்றாள். கட்டாயம் திட்டுவேன் என்றார்.

வாக்களிப்பு நடந்த பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தினார். ஏழு இருபத்தைந்து. அவர் எஞ்சினை நிறுத்தவில்லை. சொன்ன சொல் தன்னுடையது, தான் உள்ளே வரவில்லை என்றார்.

கௌரி கதவைத் திறந்தாள். ஒரு காலை வெளியே வைத்தாள். இறங்கவில்லை.

"நீங்கள் வாக்குச்சீட்டில புள்ளடி போடாமல் இதில இருக்க, நான் மட்டும் போய்ப் போடுறது நியாயமோ, அண்ணை?"