புருவ மருந்து

படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மாவின் முதுகுப் புண்ணுக்குத் தடவப் பெரியவள் மருந்து டியூபைத் திறந்ததுதான் தாமதம், அம்மா அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். மூன்று நாளாகக் கண் திறக்காதவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்துதான் வந்ததோ!

"கிட்ட வாடி சின்னவளே."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. தங்கை இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

தங்கைக்கு ஐந்து வயதில் ஒரு வியாதி வந்தது. புருவத்து முடி வேர்களில் மணல் மணலாய்ச் சிவந்து கிளம்பி, முடியெல்லாம் உதிர்ந்து, பிறகு முளைக்கவே இல்லை. ரொம்ப அபூர்வம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அம்மா அவளை மடியில் கிடத்தி, மோதிர விரலால் மருந்து தடவி, எரியாமலிருக்க ஊதி ஊதி விடுவாள். "தொடாத, காயட்டும்" என்பாள். பெரியவள் கதவோரம் நின்று பார்ப்பாள். அவளுக்குத்தான் அடர்த்தியான புருவமாயிற்றே, அதை யார் தொடப்போகிறார்கள்? ஒருநாள் பாத்திரம் தேய்க்கும் நாரால் புருவத்தைச் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக்கொண்டு அம்மா முன்னால் போய் நின்றாள். முதுகில் ரெண்டு வைத்தாள் அம்மா.

இப்போது அம்மா கூப்பிட்டதும், 'நான் பெரியவள்' என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. குனிந்து முகத்தைக் கொடுத்தாள். மருந்து தொட்ட அம்மாவின் மோதிர விரல் இரண்டு புருவத்திலும் போய் வந்தது. அம்மா ஊதினாள். பாதியிலேயே மூச்சு வாங்கியது.

"தொடாத, காயட்டும்."

மத்தியானம் அம்மா போய்விட்டாள்.

சாயங்காலம் தங்கை வந்து விழுந்து அழுதாள். பென்சிலால் வரைந்த புருவம் கரைந்து கன்னத்தில் இறங்கியது. வந்திருந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் கட்டிக்கொண்டார்கள். பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாசமாகப் பீ மூத்திரம் அள்ளியவள் நான், இங்கேயும் இவளுக்குத்தானா?

கூட்டம் கலைந்ததும் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசியா அம்மா என்னைக் கேட்டாங்களாக்கா?"

"இல்ல. யாரையும் கேக்கல."

தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"என்னக்கா, புருவத்துல வெள்ளையா ஒட்டியிருக்கு?" துடைத்துவிட விரலை நீட்டினாள்.

பெரியவள் சட்டென்று முகத்தை இழுத்துக்கொண்டாள். "தொடாத, காயட்டும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. தங்கை நீட்டிய விரல் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பிப் போய், தங்கையின் வெறும் புருவ மேட்டைத் தொட்டது.