நாற்பது கூறு மீன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. ஓர் அரசாங்கப் படிவத்தில் பிறந்தது. 1979-இல் ஏரி மீன் கணக்கெடுப்புக்குத் தற்காலிகமாக எடுத்த ஆட்களில் அடியேனும் ஒருவன். வில்லியனூரிலிருந்து சைக்கிள் மிதித்து, பாகூர்ப் பக்கம் ஓர் ஏரிக்குப் போனேன். ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஏரி மீனை விற்கும் பவுனம்மாள் சண்டைக்குக் கிளம்பி வந்துவிடுவாள்.

கதையை இப்படித்தான் ஆரம்பித்தேன்:

‘இளங்கதிர் பட்டு ஏரி பொன்னாய் உருகிக்கொண்டிருந்த அந்த—’

சீ! நான் போனதே பதினோரு மணி வெயிலில். இன்னொன்று:

‘ஓர் ஏரி நன்றாக இருக்கிறது என்பதை எதைக் கொண்டு அளப்பது?’

இது கதையா, பரீட்சைத் தாளா? ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. இருந்துவிட்டுப் போகட்டும்.

2

படிவம் கேட்டது இரண்டே விஷயம்: ஒரு நாள் பிடிப்பு எவ்வளவு, விற்கும் விலை என்ன. இரண்டும் குறையாமல் இருந்தால் ‘நன்று’ என்று எழுத வேண்டும். வரும் பருவமும் வலை போடலாம். குறைந்திருந்தால் ‘மோசம்’. ஏரியை இரண்டு வருஷம் மூடி, மீன்குஞ்சு விட்டு வளர்ப்பார்கள். அந்த ஏரியை நம்பி ஒன்பது குடும்பங்கள் இருந்தன.

அங்கே தராசு கிடையாது. இலையில் மீனைக் குவித்து, கூறு கூறாக விற்பார்கள். ஒரு கூறு, ஒரு வீட்டுக்கு ஒரு வேளைக் குழம்பு. ஆகவே எனக்கு முன்னால் வந்தவர்கள் கூறை எண்ணினார்கள், நானும் எண்ணினேன். நான்கு வருஷமாக நாற்பது, நாற்பது, முப்பத்தொன்பது, நாற்பது. விலையோ ஏறியிருந்தது. அப்புறம் என்ன? பென்சிலால் ‘நன்று’ என்று எழுதினேன். எழுதியதைப் பவுனம்மாளிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.*

(* ஏன் சொன்னேன்? இருபத்து மூன்று வயது. வேறு காரணம் கிடையாது.)

3

பவுனம்மாள் அந்த ஒன்பது குடும்பத்து மீனையும் கரையிலேயே கூறு கட்டி, பாகூர்ச் சந்தையில் விற்பவள். முதல் பிரதியில் அவளை ‘ஏரியின் மொழி அறிந்தவள்’ என்று எழுதியிருந்தேன். என் மனைவி ரோசி படித்துவிட்டு, “இவ்ளோ ஞானமாப் பேசுறவ மீனா விப்பா? மடமில்ல வெச்சிருப்பா!” என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். உண்மையான பவுனம்மாளுக்கு ஞானமெல்லாம் இல்லை. தப்பாக ஒன்றை யாராவது சொன்னால் அவளுக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

“இன்னா சார், ஏரி நல்லா கீதுன்னு எழுதிட்டியா?”

“நாலு வருஷமா நாப்பது கூறு குறையலையே!”

“கூறு எப்பிடி சார் கொறையும்? கட்டுறது நானாச்சே! எலை ரொம்புற வரைக்கும் அள்ளி வெப்பேன். முன்னல்லாம் நாலு கெண்ட வெச்சா ரொம்பிடும். இப்ப எத்தினி கீது, தலைய எண்ணிப் பாரு.”

எண்ணினேன். பதினான்கு. ஒன்றுகூட என் உள்ளங்கை நீளம் இல்லை.

“கரையில கெடக்குற வலையயும் பாரு. கண்ணுல முன்ன மூணு வெரலு பூரும். இப்ப ஒண்ணே ஒண்ணு வுட்டுப் பாரு.”

விட்டேன். மாட்டிக்கொண்டது. சத்தியமாக மாட்டிக்கொண்டது! அவள் சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன. (கொக்கு என் சேர்க்கை. சிரிப்பு நிஜம்.)

அதற்குள் மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. வலை போட்டவர்கள் அப்போதுதான் கரையேறினார்கள். முன்பெல்லாம் இதே நாற்பது கூறு எட்டு மணிக்கே கரைக்கு வந்துவிடுமாம். படிவத்தில் நேரத்துக்குக் கட்டமே இல்லை.

4

வலைக்காரர்களில் மூத்தவன் இருசப்பன், பவுனம்மாளின் கொழுந்தன். ஈர வேட்டியோடு வந்தவன், பேசிக்கொண்டே என் விரலைத் திருகி விடுவித்தான்.

“அண்ணி, ஏரிய மூடிட்டான்னா ரெண்டு வருஷம் இன்னாத்த துன்றது? ஏரி மண்ணையா?”

“மூடலன்னா மூணாவது வருஷம் அதத்தாம்பா துன்னணும்!”

“சந்தையில ஒன் எடம்? ரெண்டு வருஷம் உக்காரலன்னா பக்கத்துல விக்கிற தனக்கொடி வந்து உக்காந்துடுவா, தெரியுமில்ல?”

சந்தை வாசலில் நிழல் விழும் அந்த இடத்துக்காகப் பவுனம்மாள் பதினோரு வருஷம் மல்லுக்கட்டியவள். (இங்கே ‘அவள் கண்கள் கலங்கின’ என்று எழுதினேன். பொய். கூடையை எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தாள்.)

“தெரியும். அதுக்காவ பதினால நாலுன்னு சொல்லச் சொல்றியா?”

எனக்கு அவளை அந்த நிமிஷம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. சிக்கல் என்னவென்றால், இருசப்பனையும் பிடித்திருந்தது. மீனுக்கு ஒரு கட்டம், விலைக்கு ஒரு கட்டம் போட்டவர்கள், ஒன்பது வீட்டு உலைப்பானைக்கு ஒரு கட்டம் போட்டிருக்கலாம்.

“நீங்களே சொல்லுங்க, என்ன எழுத?” என்றேன்.

“நல்லா கீதே நாயம்! சம்பளம் ஒனக்கு, எழுதுறது நானா?” என்றாள் பவுனம்மாள்.

5

முடிவு ஒன்று: ஏரியை மூடினார்கள். மூன்றாம் வருஷம் தொடை தண்டி விரால் துள்ளியது. பவுனம்மாள் கூடையோடு சந்தைக்குப் போனாள், அங்கே அவள் இடத்தில்—

வேண்டாம்.

முடிவு இரண்டு: மூடவில்லை. அவள் இடத்தில் அவளே உட்கார்ந்திருந்தாள், அவள் முன்னால் இலையில்—

இதுவும் வேண்டாம்.

“நெசமா நீ இன்னாதான் எழுதின?” என்று ரோசி கேட்கிறாள். அவளிடமே சொல்லவில்லை, உங்களிடமா சொல்வேன்? ‘நன்று’ என்பதை ரப்பரால் அழித்த கட்டம் வெறுமையாக இருக்கிறது. நீங்கள் எழுதுங்கள். எது எழுதினாலும் சம்மதம்.

ஒரே ஒரு நிபந்தனை. அவர்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாது. எழுதி முடித்ததும் அங்கேயே நின்று, இருசப்பன் முகத்தையும் பவுனம்மாள் முகத்தையும் பார்த்து, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

நானோ அன்று படித்துக் காட்ட நிற்காமல், படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டேன்.