பாதிக் கழுத்து

ஐம்பது தாண்டிய என் மாப்பிள்ளை மசாஜ் படிக்கப் போகிறேன் என்றபோது முதலில் சிரித்தது என் மகன்தான். அவர் மெக்கானிக்காக இருந்த லிஃப்ட் கம்பெனியை மூடிவிட்டார்கள். கம்பியும் கிரீஸுமாக இருந்த கை சும்மா இருக்குமா? படித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டார்.

"மாமா, என் ஆபீஸ்ல யாராவது கேட்டா, நீங்க இன்னும் லிஃப்டுக்குள்ளதான் மாட்டிக்கிட்டிருக்கீங்கன்னு சொல்லிடறேன்" என்றான் மகன். மாப்பிள்ளை அவன் கழுத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

கடைத்தெரு மாடியிலிருந்த மசாஜ் சென்டரில் சும்மா சில நாள் பார்க்கலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள். பெண்கள் மீசையைப் பார்த்ததும் லேடீஸ் யாரும் இல்லையா என்றார்கள். ஆண்களும் அதையேதான் கேட்டார்கள், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. தப்பித் தவறி அகப்பட்ட ஒருவர் முதுகில் இவர் பழக்கதோஷத்தில் காதை வைத்து, "எந்த மாடில சிக்குது சார்?" என்று கேட்க, அந்த மனிதர் சட்டையைக் கையில் பிடித்தபடியே படியிறங்கிப் போய்விட்டாராம். சென்டர்க்கார அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: சனிக்கிழமைக்குள் ஒருவராவது வந்து இவர்தான் வேண்டும் என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் அதோடு சரி.

அந்த வாரம் முழுக்க என் மகள் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் முதுகு வலிக்கிறதா என்று விசாரித்தாள். பால்காரரையும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை என் மகனுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மாமா மதியமே கிளம்பிவிடுவார் என்ற தைரியத்தில், சாயங்காலம் அதே சென்டருக்குப் போனான். யாராவது வருவார்கள், படுங்கள் என்றார்கள். குப்புறப் படுத்து, மேசையிலிருந்த ஓட்டையில் முகத்தைப் பொருத்தினான். கீழே இரண்டு பாதங்கள் வந்து நின்றன. பச்சை சாக்ஸ், கட்டைவிரல் பக்கம் சிவப்பு நூலில் தையல். அந்தத் தையலைப் போட்டவள் அவன் அக்கா.

எழுந்தால் முகம் தெரியும், பேசினால் குரல் தெரியும். கிடந்தான்.

மாப்பிள்ளையோ ஊர்க்கதை பேசிக்கொண்டே அழுத்தினாராம். வீட்டில் ஒரு மச்சினன் இருக்கிறான், நல்ல பையன்தான், உடம்பிலேயே இறுக்கமில்லாத பாகம் நாக்கு ஒன்றுதான் என்றாராம். ஓட்டைக்குள்ளிருந்து முனகல் மட்டும் வந்தது. வலது பக்கம் நன்றாக இளகியதும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு வலது பக்கம் போதும் சார். இடதை நாளைக்கு எடுத்துடலாம். கவுண்டர்ல நான்தான் வேணும்னு கேளுங்க."

அன்று சாப்பிடும்போது மாப்பிள்ளை தன் வழக்கமான நாற்காலியை விட்டு மகனுக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்தார். உப்பைக் கேட்டார், தண்ணீரைக் கேட்டார், திரும்பவும் உப்பைக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவன் நாற்காலியோடு திரும்பினான். கழுத்துக்கு என்னடா என்றேன். ஒன்றுமில்லை என்றான், சுவரைப் பார்த்து. மாப்பிள்ளை தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

சனிக்கிழமை மகன் போனபோது சென்டரில் கூட்டம். அவனுடைய ஆபீஸ் கணக்காளர் வேறு இடுப்பைப் பிடித்தபடி வரிசையில் உட்கார்ந்திருந்தார். யார் வேண்டும் என்றாள் சென்டர்க்கார அம்மா. மீசை வைத்திருப்பாரே என்று முணுமுணுத்தான். காதில் விழவில்லை என்றாள். கழுத்து சுண்டி இழுத்தது.

"எங்க அக்கா வீட்டுக்காரர். லிஃப்ட் வேலை பாத்தவர். அவர்தான் வேணும்."

சொந்தக்காரர்கள் கேட்டால் கணக்கில் வராது என்றாள் அவள். அவன் முகம் தொங்கிப்போனது. பின்னாலிருந்து கணக்காளர் மெல்ல எழுந்தார்.

"இவன் ஒரு மனுஷனை வேணும்னு சொல்லி நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லம்மா. எனக்கு அவரையே போடுங்க."

திரையை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளை வந்தார். கணக்காளரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போகும்போது ஒரே ஒரு தடவை திரும்பினார்.

"நீங்க உக்காருங்க மச்சான். உங்க இடது பக்கம் எங்கயும் போயிடாது."